துக்க வீட்டில் பாட்டை நிறுத்திய நாள்

போன மாதம் உங்களில் இரண்டு பேர் தொம்மலூரில் என் வீட்டுக்கு வந்து, "துக்க வீட்டுக்குப் போனா என்ன பேசறதுக்கா?" என்று கேட்டீர்கள். டீயும் ரஸ்க்கும் கொடுத்தேன், பதிலைக் கொடுக்கவில்லை. மூட்டுவலி மாத்திரை போட்ட மயக்கத்தில் கிழவிக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். நன்றாகவே கேட்டது. வாசலில் நின்றபடி சொல்லி அனுப்புகிற பதில் இல்லை அது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்களுக்கெல்லாம் இப்போது அழகான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். ஆலோசகர் என்கிறார்கள், சந்திப்பு ஊழியர் என்கிறார்கள். எனக்கு சபையில் இருந்த பெயர் பைபிள் உமன். வேலை என்னவோ ஒன்றுதான். வீடு வீடாகப் போக வேண்டும், பிள்ளை பெற்றவளைப் பார்க்க வேண்டும், நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்க வேண்டும், சாவு விழுந்த வீட்டுக்குப் போக வேண்டும். முதல் மூன்றும் போகப் போகப் பழகிவிடும். நான்காவது பழகாது. பழகிவிட்டது என்று ஒருத்தி சொன்னால் அவளை வேறு வேலைக்கு மாற்றிவிடுவது நல்லது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் ஜெபிக்கத் தொடங்கினால் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அப்படிப்பட்டவள் ஓய்வு பெறும் வரைக்கும் துக்க வீடுகளுக்குப் போய் வந்தேன், யாரும் என்னை வெளியே தள்ளவில்லை என்றால் அது ஆண்டவருடைய கிருபைதான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. ஓசூர் ரோடு பக்கம் கார்மென்ட்ஸ் கம்பெனிகள் பெருகிக்கொண்டிருந்த காலம். நம் சபையிலிருந்து பல குடும்பத்தார் வாடகை குறைவு என்று பொம்மனஹள்ளிக்கு வீடு மாறியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஜெயராணி. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண், தையல் மெஷினில் வேலை. அவள் புருஷன் சாமுவேல் அத்திபெலேயில் லாரி ஷெட் மெக்கானிக். சின்னதாக ஒரு பெண் குழந்தை. சாமுவேல் அதிகம் பேசமாட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தால் கடைசி பெஞ்சில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நகக்கண்ணில் கிரீஸ் இருப்பதால் கைகுலுக்க வெட்கப்படுவான்.

புது வருஷ ஆராதனையில் நம் ஜனங்களுக்கு வாக்குத்தத்த அட்டை எடுக்காவிட்டால் வருஷமே பிறக்காது, உங்களுக்குத் தெரியும். பித்தளைத் தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரு வாக்குத்தத்தம் அச்சிட்டிருக்கும். வரிசையில் போய் ஆளுக்கொன்று எடுப்போம். எடுத்த வசனம் அந்த வருஷத்துக்கு நமக்கென்று ஆண்டவர் கொடுத்தது என்று வீட்டில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்போம். வராதவர்களுக்காக வீட்டுக்காரர்கள் ஒன்று எடுத்துப் போகலாம். பக்கத்து வீட்டுக்காரிக்கு நல்ல வசனம் விழுந்தால் கொஞ்சம் பொறாமையும் உண்டு. நானே பட்டிருக்கிறேன்.

அந்த வருஷம் புத்தாண்டுக் காலையில் சாமுவேலுக்கு ஷெட்டில் அவசர வேலை. ஜெயராணி தனக்கு ஒன்று எடுத்தாள், புருஷனுக்காக இன்னொன்று எடுத்தாள். புது அச்சு, மை காயவில்லை போலிருக்கிறது, இரண்டாவது முறை கையில் இரண்டு அட்டைகள் ஒட்டிக்கொண்டு வந்தன. மேலே இருந்ததை வைத்துக்கொண்டு கீழே இருந்ததைத் தட்டிலேயே போட்டுவிட்டாள். அவளுக்கு அடுத்து நின்றவர் மோசஸ் தாத்தா. எண்பதைத் தாண்டியவர். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று தன் அட்டையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்து, "படிப்பா" என்றார். அவர் சத்தமாகப் படித்தார். நீண்ட ஆயுசைத் தருவேன் என்கிற வாக்குத்தத்தம். "இன்னும் எத்தன வருசத்துக்குடா எனக்கு?" என்று தாத்தா கேட்க, வரிசையே சிரித்தது. ஜெயராணியும் சிரித்தாளாம்.

ஈஸ்டருக்கு முன்னால் ஒரு நாள், வேலை முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்த சாமுவேலின் மேல் லாரி மோதியது. அந்த இடத்திலேயே போய்விட்டான்.

அடக்க நாளில் ஜெயராணி அழவில்லை. பெட்டியை மூடும்போதும் அழவில்லை, மண் போடும்போதும் அழவில்லை. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் என்ன நினைத்தார்களோ, நம் சபைக்காரர்கள் நினைத்ததை நான் காதால் கேட்டேன். "என்னா விசுவாசம் பாருங்க! ஒரு சொட்டு கண்ணீர் வரல. ஆண்டவர் தாங்கறாரு" என்றார்கள். சபைச் செயலாளர் என்னிடமே வந்து, இந்தப் பெண்ணை அடுத்த மகளிர் கூட்டத்தில் சாட்சி சொல்ல வைக்க வேண்டும் என்றார். இது நம்மவர்கள் மட்டுமே செய்கிற தவறு, தங்கச்சிகளே. வேறு ஜனங்கள் அழாத விதவையைப் பார்த்தால் பயப்படுவார்கள். நாம் கைதட்டுவோம்.

அடுத்த நாள் நான் மட்டும் பொம்மனஹள்ளிக்குப் போனேன். அவள் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். துணி எதுவும் இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளாகவே பேசினாள்.

"அக்கா, நாந்தான் அவர கொன்னுட்டேன்."

"என்னம்மா பேசற?"

"ரெண்டு அட்ட ஒட்டிக்கினு வந்துச்சுக்கா. அவரோடத நான் திருப்பி தட்டுல வச்சிட்டேன். மோசஸ் தாத்தா அத எடுத்துட்டாரு. நீங்க கூட கேட்டீங்களே, ஆயுசு வசனம். அது இவருக்கு வந்தது. என் கையில வந்தது. நான் வேணாம்னு வச்சிட்டேன்."

அவள் அழாதது விசுவாசத்தால் இல்லை. கொலை செய்தவளுக்கு அழ என்ன உரிமை என்று உட்கார்ந்திருக்கிறாள். வாய் திறந்தேன். அட்டை வெறும் காகிதம், அச்சாபீசில் அடிக்கிறது, ஆயுசு ஆண்டவர் கையில், இப்படி நாலு வார்த்தை சொன்னேன். ஒவ்வொன்றும் சரியான வார்த்தை. அவள் மரியாதையாகத் தலையை ஆட்டினாள். ஒன்றுகூட உள்ளே போகவில்லை என்று அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. குழந்தைக்குச் சோறு ஊட்டக்கூட அவள் பக்கத்து வீட்டுக்காரியைத்தான் கூப்பிட்டாள். தன் கை பட்டால் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று பயம்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இதுதான். இவள் புருஷனை இழந்துவிட்டாள், அது நடந்து முடிந்தது. இனி குழந்தை தாயை இழக்கப் போகிறது, தாய் கடவுளை இழக்கப் போகிறாள். அதைத் தடுக்க முடியுமா என்பதுதான் என் கவலையாக இருந்தது.

போதகரிடம் போய்ச் சொன்னேன். இளைஞர், நல்ல மனுஷர், வேதக் கல்லூரியிலிருந்து வந்து அதிக நாள் ஆகவில்லை. "இது மூடநம்பிக்கைக்கா. ஆறுதல் கூட்டத்துல இதையே பிரசங்கமா எடுத்துடறேன். வாக்குத்தத்தம் ஜாதகம் இல்லைன்னு தெளிவா சொல்லணும்" என்றார். "ஐயா, வெந்த புண்ணுல வேலப் பாச்சாதீங்க. அந்தப் பாடத்த டிசம்பர்ல நடத்துங்க, அட்டை அச்சடிக்கறதுக்கு முன்னாடி" என்றேன். முகம் சிவந்தாலும் ஒத்துக்கொண்டார்.

ஆறுதல் கூட்டம் ஜெயராணி வீட்டிலேயே நடந்தது. ஒரே அறை, அதில் பாதிப்பேர், மீதிப்பேர் வாசலில். எதிர் வீட்டு கௌரம்மா, கன்னடக்காரி, தன் வீட்டு நாற்காலிகளையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். ஜெயராணி சுவர் ஓரமாகப் பாயில் உட்கார்ந்திருந்தாள். போதகர் ஜெபித்து முடித்தார். அப்போதுதான் மோசஸ் தாத்தா வந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது. யாரோ நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்கள்.

ஜெயராணி அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே எழுந்து நின்றாள்.

"உசுரோட வந்துட்டாரு பாருங்க! எம் புருசனோட ஆயுசு இவருகிட்ட இருக்குது! என்னாத்துக்கு தாத்தா உனக்கு? இன்னும் என்னா பண்ணப் போற நீ? அவரு இப்பத்தான வாழ ஆரம்பிச்சாரு! குடுத்துடு! குடுக்கச் சொல்லுங்க உங்க ஆண்டவர!"

அவளுடைய அண்ணன் ஓடிவந்து அவள் வாயைப் பொத்தப் பார்த்தான். செயலாளர், "சாத்தான் பேசறான், சாத்தான் பேசறான்" என்று முணுமுணுத்தார். போதகர் என்ன செய்வது என்று தெரியாமல், நம்மவர்கள் எல்லோரும் செய்வதைச் செய்தார். பாட்டை எடுத்தார்.

உங்களுக்கும் இந்தப் பழக்கம் வந்துவிடும், ஜாக்கிரதை. துக்க வீட்டில் யாராவது பெரிதாக அழுதால், யாராவது கேட்கக்கூடாததைக் கேட்டால், உடனே பாட்டு. எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டு. கூட்டம் முழுக்க உயிர்பெற்று உரக்கப் பாடும். அழுகிறவளின் சத்தம் அதில் அமுங்கிப் போகும். நாம் ஆறுதல் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

அன்றும் எல்லோரும் உரக்கப் பாடினார்கள். நான் ஜெயராணிக்கு இரண்டு அடி தள்ளி நின்றேன். அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது. என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. புருஷன் செத்ததிலிருந்து எல்லோர் முன்னாலும் முதல் முறையாக அவள் வாய் திறந்திருக்கிறாள், நாங்கள் ஐம்பது பேர் சேர்ந்து அதை மூடிக்கொண்டிருக்கிறோம்.

"ஐயா, பாட்ட நிறுத்துங்க" என்றேன். யார் காதிலும் விழவில்லை.

"நிறுத்துங்கய்யா!"

அந்தக் காலத்தில் நம் சபையில் ஒரு பெண் கூட்டத்தின் நடுவில் குரல் உயர்த்துவது கிடையாது. அதுவும் போதகர் எடுத்த பாட்டை நிறுத்துவது! வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும். பாட்டு துண்டு துண்டாக நின்றது. வாசலில் இருந்த ஒரு மாமி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் ஒரு அடி பாடி முடித்தார். அப்புறம் அமைதி. அந்த அமைதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. நிறுத்தத்தான் தெரிந்தது.

மோசஸ் தாத்தா நாற்காலியிலிருந்து எழுந்தார். சுவரைப் பிடித்து, முட்டியைப் பிடித்து, மெதுவாக இறங்கி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"ஆமாம்மா. நியாயமாத்தான் கேக்கற. வர்ற வழியெல்லாம் பஸ்ல நானும் அவர அதேதான் கேட்டுக்கினு வந்தேன். இந்தக் கிழவன இங்க உட்டுட்டு அந்தப் புள்ளைய இன்னாத்துக்குக் கூப்ட்டீருன்னு. பதில் வரல. குடுக்கற மாதிரி இருந்தா இப்பவே கழட்டிக் குடுத்துருவேம்மா. முடியலயே."

அவர் கைத்தடியைத் தரையில் வைத்தார்.

"என் மவனும் சின்ன வயசுலதான் போனான். அன்னிக்கும் இப்படித்தான், எல்லாரும் நல்லா பாடினாங்க. நானும் கூட சேந்து பாடினேன். நான் இன்னும் அழுது முடிக்கலம்மா."

சொல்லிவிட்டு, அத்தனை பேருக்கு நடுவில், அந்த மனிதர் குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார். சபையில் மூத்தவர், கைத்தடியை ஊன்றி நிமிர்ந்து நடக்கிறவர், யாரும் அவர் கண்ணில் ஈரம் பார்த்ததில்லை. ஜெயராணி நின்றபடி பார்த்தாள். அப்புறம் அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"நாந்தான் தாத்தா வச்சிட்டேன். ஒட்டிக்கினு வந்துச்சு. நான் பாக்காம வச்சிட்டேன் தாத்தா."

"இன்னாம்மா வச்ச?"

அவருக்கு அட்டை நினைவிலேயே இல்லை. அவள் விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னாள். அவர், "ஐயோ, எம் பொண்ணே" என்று அவள் தலையில் கை வைத்தார். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அவள் அந்தக் கையின் கீழேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு யாராலும் சும்மா இருக்க முடியவில்லை. பெண்கள் எல்லோரும் அழுதோம். அவள் அண்ணன் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். சாத்தான் பேசுகிறான் என்ற செயலாளரும் கர்ச்சீப்பைத் தேடினார். சந்தடி கேட்டு அறைக்குள் வந்த குழந்தை அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்தது. ஜெயராணி அதை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். தன் கை பட்டால் ஆகாது என்பது அவளுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

அடுத்த வாரம் கமிட்டியில் என் பெயர் வந்தது. பாட்டை நிறுத்தியது ஒழுங்கீனம் என்றார் செயலாளர். போதகர், "அந்தப் பாட்ட நான் யாருக்காகப் பாடினேன்னு முதல்ல விசாரிங்க. ஜெயராணிக்காக இல்ல. எனக்கு பயமா இருந்துது, அதுக்காகப் பாடினேன்" என்றார். அத்தோடு என் பெயரை விட்டுவிட்டார்கள். அந்த இளைஞர் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான். பிறகு அவர் போன துக்க வீடுகளில் பாட்டு இருந்தது, ஆனால் யாராவது கேட்ட பிறகுதான் பாடினார்.

ஒரே நாளில் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆறின மாதிரி இருக்கும், திரும்பவும் கிளறிக்கொள்ளும். வாரா வாரம் நான் ஜெயராணி வீட்டுக்குப் போனேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டே ஒரு நாள் கேட்டாள்.

"நான் அன்னிக்கி அப்படி கத்தினனே, கடவுளுக்கு எம்மேல கோவம் இருக்குமாக்கா?"

வேதத்தில் வருகிற, பெத்தானியா ஊரில் தம்பியைப் பறிகொடுத்த அக்கா தங்கை இரண்டு பேரின் கதையைச் சொன்னேன். ஆண்டவர் அந்த வீட்டுக்கு நாலு நாள் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார். அக்காவும் அவரைக் கேட்டாள், தங்கையும் கேட்டாள், இரண்டு பேருக்கும் ஒரே கேள்வி. நீர் இங்கே இருந்திருந்தால் எங்கள் தம்பி செத்திருப்பானா? முகத்துக்கு நேரே குற்றச்சாட்டு. "அவங்கள அவரு திட்டினாரா?" என்று ஜெயராணியைக் கேட்டேன். "இல்ல" என்றாள். வேதம் படித்தவள்தான், மீதிக் கதை அவளுக்குத் தெரியும். அவரைக்காயை நறுக்கி முடித்தோம்.

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். கேள்வி ஒன்றுதான், ஆனால் ஆண்டவர் இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. அக்காவிடம் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். அவள் பேச்சைத் தாங்குகிற பெண். தங்கை காலில் விழுந்து அழுதபோது அவளுக்கு ஒரு பிரசங்கமும் செய்யவில்லை, அவனை எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டார், அவரும் கண்ணீர் விட்டார். நீங்கள் போகிற வீட்டில் அக்கா இருக்கிறாளா தங்கை இருக்கிறாளா என்று முதலில் பாருங்கள். தெரியவில்லை என்றால் தங்கை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் யாருக்கும் நஷ்டம் வராது.

புத்தாண்டில் இன்றைக்கும் அட்டை எடுக்கிறோம். போதகர் அதை நிறுத்தலாமா என்று யோசித்தார். "ஐயா, ஒரு பாட்ட நிறுத்தினதுக்கே கமிட்டி கூடிச்சு" என்றேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் பொம்மனஹள்ளியிலிருந்து எனக்கு இன்னொரு செய்தி வந்தது. எதிர் வீட்டு கௌரம்மாவின் மகள், கல்யாணத்துக்கு நிச்சயம் செய்திருந்த பெண், காய்ச்சலில் போய்விட்டாள். நம் சபைக் குடும்பம் இல்லை. ஆனால் அன்றைக்கு நாற்காலி தூக்கிக்கொண்டு வந்து போட்ட பெண் அல்லவா, மனசு கேட்கவில்லை, போனேன். பஸ்ஸில் போகும்போதே கன்னடத்தில் என்ன சொல்வது என்று வார்த்தை கோத்துக்கொண்டே போனேன். எனக்குக் கன்னடம் நன்றாக வரும், பெருமையாகவே சொல்கிறேன்.

வாசலில் நின்று பார்த்தேன். வீட்டு ஆண்கள் எல்லாம் சுடுகாட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். வெறும் தரையில் கௌரம்மா கிடந்தாள். அவள் தலை ஜெயராணியின் மடியில் இருந்தது. காலையிலிருந்து கம்பெனிக்குப் போகாமல் அங்கேயே இருக்கிறாள் என்று பக்கத்தில் சொன்னார்கள். அவள் கன்னடம் அரைகுறை, கடையில் காய்கறி கேட்கிற அளவுக்குத்தான் வரும். ஆகவே எதுவும் பேசாமல் அந்த அம்மாவின் கலைந்த தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்திலும் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

கௌரம்மா கண்ணைத் திறக்காமல் கன்னடத்தில் கேட்டாள். உன் புருஷன் செத்தபோது உங்கள் தேவரு, அதாவது கடவுள், உனக்கு என்ன சொன்னார், அதை எனக்கும் சொல்லு என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். கோத்து வைத்த வார்த்தை எல்லாம் தயாராக இருந்தது. ஜெயராணி என்னைப் பார்க்கவில்லை. தட்டுத் தடுமாறி, தெரிந்த கன்னடத்தைச் சேர்த்து அவளே பதில் சொன்னாள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"ஒண்ணும் சொல்லலக்கா. எங்கூட உக்காந்து அழுதாரு."